வகுப்பறைத் திரையில் விளம்பரங்களும் வேண்டாத வசதிகளும்: காணொளியை மட்டும் பார்க்க என்ன வழி?

அறிவியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் வகுப்பறையில் ஒரு பெரிய தொடுதிரைப் பலகையும் ஒரு மடிக்கணினியும் இருக்கின்றன. குவிலென்சு பிம்பத்தை எப்படி உருவாக்குகிறது, இதயத்தின் வால்வுகள் எந்த வரிசையில் திறந்து மூடுகின்றன என்பதையெல்லாம் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் சில பிள்ளைகளுக்கு எட்டுவதில்லை. அதையே நான்கு நிமிட அசைவுப்படமாகக் காட்டினால் கடைசி வரிசையில் இருப்பவர்களும் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகவே காணொளியைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆனால் பாடத்தின் நடுவே விளம்பரம் வந்துவிடுகிறது. அண்மையில் ஒளிவிலகல் பாடத்தில், கதிர் கண்ணாடிக்குள் நுழைந்து வளையும் இடத்திலேயே படம் நின்று, பணம் கட்டி ரம்மி ஆடச் சொல்லும் விளம்பரம் முழுத்திரையில் ஓடியது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் பார்க்கக் கூடாத ஒன்றை நானே காட்டியது போல் ஆகிவிட்டது. விளம்பரத்தைத் தவிர வேறு சில தொல்லைகளும் உண்டு. படம் முடிந்ததும் தொடர்பில்லாத இன்னொன்று தானாகவே ஓடத் தொடங்குகிறது. ஓரத்தில் ஷார்ட்ஸ் வரிசை கண்ணைப் பறிக்கிறது. ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் விளக்கத்தைத் திறந்தால் அவருடைய குரலுக்குப் பதிலாக இயந்திரக் குரலில் இந்தி கேட்கிறது.

மாதக் கட்டணம் கட்டப் பள்ளியில் நிதி இல்லை. பாதுகாப்பான, பின்னால் சிக்கல் தராத வழிகளை மட்டும் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உலாவித்துறையான் எழுதியது:

வணக்கம் அம்மா. முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்வோம். தளம் தானாகச் செருகும் விளம்பரம் ஒன்று. காணொளி எடுத்தவரே படத்துக்குள் பேசிவிடும் விளம்பரதாரர் பகுதி இன்னொன்று. நம்மை எழவிடாமல் உட்கார வைப்பதற்கான பரிந்துரை, தானியங்கு இயக்கம், ஷார்ட்ஸ் போன்றவை மூன்றாவது. மூன்றையும் ஒரே கருவியால் நீக்கிவிடலாம் என்று தேடுகிறவர்கள்தான் கண்ட கண்ட செயலிகளை நிறுவி மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் வகைக்கு, மடிக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நிறுவி, அதன் அதிகாரப்பூர்வ நீட்சிப் பக்கத்திலிருந்து யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீட்சி என்பது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறிய துணைநிரல். ரேமண்ட் ஹில் என்பவர் 2014ஆம் ஆண்டு முதல் வளர்த்துவரும் திறந்தமூல நீட்சி இது. நன்கொடை கூட வாங்குவதில்லை. பெயர் முழுமையாக அதே பெயர்தானா என்று பார்த்து நிறுவுங்கள். அதன் சாயலில் பெயர் வைத்துக்கொண்ட வேறு நீட்சிகளும் இருக்கின்றன.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எங்கே வேலை செய்யாது என்பதும் விளங்கும். யூடியூபில் ஒரு காணொளியைத் திறக்கும்போது முதலில் வந்து சேர்வது படம் அன்று. படத்தைப் பற்றிய விவரங்கள் அடங்கிய ஒரு தரவுக் கட்டு. தலைப்பு, கால அளவு, படத்துணுக்குகளின் முகவரி ஆகியவற்றோடு 'ஆட்பிளேஸ்மென்ட்ஸ்' என்ற பகுதியும் அதில் இருக்கும். எந்த இடத்தில் எந்த விளம்பரத்தை ஓட்ட வேண்டும் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் படத்தை ஓட்டும் மென்பொருளான இயக்கி அதைப் படிப்பதற்கு முன்பே யூபிளாக் அந்தப் பகுதியைக் கத்தரித்துவிடுகிறது. விளம்பரம் உண்டு என்ற செய்தியே இயக்கிக்குப் போய்ச் சேராததால் படம் நேராக ஓடுகிறது.

பள்ளி முழுவதற்கும் பொதுவாக, இணைய இணைப்பின் மட்டத்திலேயே பை-ஹோல் போன்ற ஒரு வலையமைப்புத் தடுப்பானை வைத்துத் தடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்தித் தளங்களின் விளம்பரங்களுக்கு அது நன்றாகவே பயன்படும். ஆனால் யூடியூபில் படமும் விளம்பரமும் ஒரே கூகுள்வீடியோ முகவரியிலிருந்து வருவதால், ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுவிடும்.

குரோம் உலாவியை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் உண்டு. நீட்சிகளுக்கான விதிகளை மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் கூகுள் மாற்றியமைத்து, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளை 2024இலிருந்து படிப்படியாக முடக்கத் தொடங்கியது; 2025இல் முழு யூபிளாக் ஆரிஜின் குரோமில் இயங்காமலே போயிற்று. அங்கே இப்போது கிடைப்பது யூபிளாக் ஆரிஜின் லைட். பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே பார்த்து முடிவெடுப்பது பழைய முறை. விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது புதிய முறை. லைட்டும் பெரும்பாலான நாள்களில் போதுமானதுதான். ஆனால் தளம் தன் முறையை மாற்றும்போது விரைந்து ஈடுகொடுப்பது ஃபயர்ஃபாக்ஸில் இயங்கும் முழு வடிவமே. குரோமைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், லைட்டின் வடிகட்டும் அளவு அடிப்படை நிலையில் இருந்தால் உயர்த்தி வையுங்கள்.

வயல்வெளிப் பதிவர் எழுதியது:

நான் இயற்கை உரம், விதைத்தேர்வு ஆகியவை பற்றித் தமிழில் காணொளி வெளியிடுகிறவன். ஆசிரியை அம்மாவின் தேவை நியாயமானது. வகுப்பறையில் விளம்பரம் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும் மற்றவர்கள், விளம்பரத்தைத் தடுப்பதால் யாருக்கும் இழப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

காணொளிப் பக்கத்தில் ஓடும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு எடுத்தவருக்கும் 45 விழுக்காடு தளத்துக்கும் போகிறது. அந்தப் பங்கைப் பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும்; அதோடு ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையோ 90 நாள்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ வேண்டும். இந்த வாயிலைத் தாண்டாதவர்களின் படங்களிலும் விளம்பரம் ஓடும். ஆனால் அவர்களுக்கு ஒரு காசு கூட வராது. 2020 நவம்பரில் தளத்தின் விதிகளில் கொண்டுவந்த மாற்றம் அதற்கு வழி செய்தது. ஆகவே ஒரு சிறிய அலைவரிசையில் விளம்பரம் பார்த்துவிட்டு, அவருக்கு உதவினோம் என்று நிறைவு கொள்வதற்கும் இல்லை; அவர்தான் விளம்பரம் போட்டுத் தொல்லை செய்கிறார் என்று கோபப்படுவதற்கும் இல்லை.

நடுவில் வரும் விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு பத்து நிமிடப் படங்களுக்கு மட்டுமே அந்த வசதி இருந்தது. 2020 ஜூலையில் அதை எட்டு நிமிடமாகக் குறைத்தார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக் கூடிய செய்தியை எட்டு நிமிடத்துக்கு இழுக்கும் பழக்கம் பலரிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வருவாய்ப் பங்கு பெறுகிற பதிவர் நினைத்தால் நடு விளம்பரத்தை அணைத்துவிடலாம். என் படங்களில் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். செயல்முறையைப் பார்த்துக்கொண்டே கையால் உரம் கலக்குகிறவரை இடையில் நிறுத்துவது சரியில்லை என்பது என் எண்ணம்.

உலாவித்துறையான் எழுதியது:

பதிவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்.  வசதியுள்ளவர்கள் கட்டணம் செலுத்துவதே நேரான வழி. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, விளம்பரமில்லாத சந்தாவான யூடியூப் பிரீமியம் தனிநபருக்கு மாதம் 149 ரூபாய், மாணவருக்கு 89 ரூபாய், குடும்பத்துக்கு 299 ரூபாய். 2025 செப்டம்பரில் 89 ரூபாய்க்கு பிரீமியம் லைட் சந்தாவும் வந்தது. அதில் இசைக் காணொளிகளிலும் ஷார்ட்ஸிலும் விளம்பரம் தொடரலாம். பிரீமியம் வருவாயிலும் பதிவர்களுக்குப் பங்கு உண்டு. உறுப்பினர் யாருடைய படத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதை வைத்து அது பிரிகிறது.

ஆனால் கட்டணம் கட்டினாலும் படத்துக்குள் பதிவர் பேசும் விளம்பரதாரர் பகுதி போகாது. அதற்கு ஸ்பான்சர்பிளாக் என்ற நீட்சி இருக்கிறது. அஜய் ராமச்சந்திரன் 2019இல் தொடங்கியது. இந்த நொடியிலிருந்து இந்த நொடி வரை விளம்பரம் என்று பார்வையாளர்களே குறித்து வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பகுதி தாண்டப்படுகிறது. 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள்' என்று வேண்டும் பகுதிக்கும், நீண்ட முகப்பிசைக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நாம் எந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்பதை அந்த வழங்கிக்கு அப்படியே சொல்லிவிடாமல், படத்தின் அடையாளத்தைக் குழப்பக் குறியீடாக்கி அதன் முதல் சில எழுத்துகளை மட்டும் அனுப்புவது பாராட்டத்தக்க கவனம். நான் பார்க்கும் தமிழ் அலைவரிசைகளில் குறித்து வைத்தவர்கள் மிகக் குறைவு. நம் மக்கள் நான்கு பேர் முனைந்தால் பின்னால் பார்க்கும் எல்லோருக்கும் பயன்படும்.

கைப்பேசிப் பழுதுபார்ப்பவர் எழுதியது:

எங்கள் கடைக்கு வரும் சிக்கல்களில் ஒன்றை இங்கே சொல்வது கடமை என்று கருதுகிறேன். விளம்பரமில்லாமல் காணொளி பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த செயலி ஒன்றை நிறுவிய பெரியவரின் கைப்பேசியைப் பார்த்தேன். குறுஞ்செய்திகளைப் படிக்கவும், மற்றச் செயலிகளின் மேல் திரை விரிக்கவும், அணுகல் வசதியைப் பயன்படுத்தவும் அந்தச் செயலி அனுமதி வாங்கியிருந்தது. படம் காட்டும் செயலிக்குக் குறுஞ்செய்தி எதற்கு? வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் படிக்கத்தான். நல்லவேளையாக, பணம் போவதற்குள் கொண்டுவந்துவிட்டார்.

விளம்பரமில்லாமல் பார்ப்பதற்காக யூடியூப் செயலியை மாற்றியமைத்து வெளியிட்ட யூடியூப் வான்ஸ்டு என்ற பெயர் பலருக்கு நினைவிருக்கும். கூகுளின் சட்ட அறிவிப்புக்குப் பிறகு 2022 மார்ச்சில் அதை உருவாக்கியவர்களே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு அந்தப் பெயரில் யாராவது ஒரு கோப்பைக் கொடுத்தால் அது அவர்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை. அதன் வழியில் வந்த ரீவான்ஸ்டு குழுவினரும் ஆயத்தச் செயலியாக எதையும் வழங்குவதில்லை. இருக்கும் செயலியில் மாற்றம் செய்யும் கருவியை மட்டுமே தருகிறார்கள். 'ரீவான்ஸ்டு ஏபிகே (நிறுவல் கோப்பு), நேரடிப் பதிவிறக்கம்' என்று எழுதியிருக்கும் தளம் எதுவானாலும் விலகிப் போய்விடுங்கள்.

கைப்பேசியில் எளிய வழி, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலேயே தளத்தைத் திறந்து பார்ப்பதுதான். ஆண்ட்ராய்டில் இயங்கும் ஃபயர்ஃபாக்ஸிலும் யூபிளாக் ஆரிஜின் சேரும். நீட்சி வேண்டாம் என்பவர்களுக்கு பிரேவ் உலாவியில் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. நியூபைப் என்ற திறந்தமூலச் செயலியும் நல்லது; கணக்கு எதுவும் தேவையில்லை, திரை அணைந்த பிறகும் ஒலி கேட்கும். அதை எஃப்-டிராய்டு என்ற திறந்தமூலச் செயலிக் களஞ்சியத்திலிருந்தோ அவர்கள் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். தளம் உள்முறையை மாற்றும்போதெல்லாம் சில நாள் இயங்காமல் போகும். புதிய பதிப்பு வரும்வரை பொறுக்க வேண்டும்.

பெர்லின் தமிழன் எழுதியது:

'பின்னால் சிக்கல் தராத' என்று அம்மா கேட்டிருந்ததால் சட்டத்தின் பக்கத்தையும் தொடுகிறேன். இங்கே ஜெர்மனியில் ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்பகம், ஆட்பிளாக் பிளஸ் என்ற விளம்பரத் தடுப்பானை நடத்தும் ஐயோ (Eyeo) நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், விளம்பரத் தடுப்பானை வழங்குவது நியாயமற்ற வணிகப் போட்டி ஆகாது என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பதிப்பகம் பதிப்புரிமையைக் காட்டித் தொடுத்த இன்னொரு வழக்கை, மீண்டும் ஆராயச் சொல்லி 2025 ஜூலையில் ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எஃப்பிஐ, தேடல் விளம்பரங்களில் வணிக நிறுவனங்கள் போல வேடமிட்ட போலிகளைப் பற்றி எச்சரித்தபோது, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கே அறிவுறுத்தியது.

அரசு என்ன சொல்கிறது என்பது வேறு, தளத்தின் விதி வேறு. தடுப்பான் தங்கள் விதிகளுக்கு எதிரானது என்று யூடியூப் 2023இல் அறிவித்து, தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கைப் பெட்டி காட்டத் தொடங்கியது. மூன்று காணொளிகளுக்குப் பிறகு இயக்கியே நிற்கும் என்ற எச்சரிக்கையும் சிலருக்கு வந்தது. அப்படி வந்தால் யூபிளாக்கின் வடிகட்டிப் பட்டியலைப் புதுப்பித்து, ஒன்றுக்கு மேற்பட்ட தடுப்பான்கள் இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கிப் பாருங்கள்.

அறிவியல் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மடிக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் நிறுவி, ஒளியியல் படங்களை ஓட்டிப் பார்த்தேன், விளம்பரம் வரவில்லை. மூன்றாவது வகைத் தொல்லைகள் அப்படியே இருக்கின்றன. அந்த ரம்மி விளம்பரத்தைப் பற்றி எங்கேனும் முறையிட முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன். எங்கள் ஊரில் அந்த விளையாட்டால் கடன்பட்ட குடும்பங்களை நேரில் அறிவேன் என்பதால் அதை எளிதாக விட்டுவிட முடியவில்லை.

உலாவித்துறையான் எழுதியது:

முறையிட முடியும் அம்மா, முறையிடவும் வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரங்களையும் 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரம் ஓடும்போது அதன் ஓரத்திலுள்ள தகவல் குறியையோ மூன்று புள்ளிகளையோ அழுத்தினால் அதைப் பற்றிப் புகாரளிக்கும் வழி வரும். திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பான் இல்லாத உங்கள் கைப்பேசியில், கணக்கின் 'மை ஆட் சென்டர்' பகுதிக்குச் சென்று சூதாட்டம், மது, உடல் எடைக் குறைப்பு, காதல் இணை தேடல், மகப்பேறு ஆகிய தலைப்புகளைக் குறைக்கச் சொல்லலாம். முற்றிலும் நின்றுவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன், குறையும்.

இனி வேண்டாத வசதிகள். வகுப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் பார்வை வரலாற்றை அணைத்து வையுங்கள். 2023 ஆகஸ்டு முதல், வரலாறு அணைந்த கணக்குக்கு யூடியூப் முகப்பில் பரிந்துரை எதுவும் காட்டாமல் தேடல் பெட்டியை மட்டும் விட்டு வைக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். நீட்சி எதுவும் வேண்டியதில்லை, தளமே தரும் அமைப்பு, ஆயினும் கையை நீட்டி இழுக்கும் அந்த முகப்பு முழுவதும் வெறுமையாகிவிடுகிறது. எதைப் பார்க்க வந்தோமோ அதைத் தேடி எடுக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். அடுத்து, இயக்கியின் கீழுள்ள தானியங்கு இயக்கப் பொத்தானை அணைத்துவிடுங்கள். அமைப்புகளில் 'பிளேபேக்' பகுதியில் தகவல் அட்டைகளை நிறுத்தலாம். கட்டுப்பாட்டுப் பயன்முறையை (ரெஸ்டிரிக்டட் மோட்) இயக்கினால் கருத்துரைகளும் மறைந்துவிடும். அது விளம்பரத்தைத் தடுக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஷார்ட்ஸ் வரிசையையும் பக்கவாட்டுப் பட்டியலையும் அன்ஹுக் என்ற நீட்சி நீக்கும். வேண்டியதைத் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளலாம். இன்னொரு நீட்சி கூடாது என்றால் யூபிளாக்கிலேயே சொட்டுக்குழல் குறியை அழுத்தி, திரையில் எந்தப் பகுதி வேண்டாமோ அதன் மேல் சொடுக்கி, 'உருவாக்கு' என்றால் அடுத்த முறை அது தோன்றாது.

இயந்திரக் குரலுக்கு வருவோம். 2024 டிசம்பரில் பரவலாக்கப்பட்ட தானியங்கு மொழிமாற்றம் அது. பற்சக்கரக் குறியை அழுத்தி 'ஆடியோ டிராக்' என்பதற்குள் சென்றால் 'ஒரிஜினல்' என்று குறித்த குரல் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் செய்வது சலிப்பாக இருந்தால் 'யூடியூப் நோ டிரான்ஸ்லேஷன்' என்ற நீட்சி தலைப்பையும் குரலையும் மூலத்திலேயே நிறுத்தி வைக்கும். ஒரு பேராசிரியர் எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்பதில் பாதிப் பாடம் இருக்கிறது. கேட்பவரைக் கேட்காமலே அதை மாற்றிவிடுவது எனக்கும் ஏற்புடையதாக இல்லை.

நாதசுர அன்பர் எழுதியது:

நான் ஓய்வு பெற்றவன். தொலைக்காட்சியில் பழைய நாதசுரக் கச்சேரிப் பதிவுகள் கேட்பதே மாலைப் பொழுது. தோடி ஆலாபனை மேல் ஸ்தாயிக்கு ஏறி நிற்கும் கணத்தில் சலவைத்தூள் விளம்பரம் புகுந்தால் அன்றைய கச்சேரியே கலைந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியில் விளம்பரமில்லாமல் யூடியூப் பார்க்க ஸ்மார்ட்டியூப் என்ற செயலியைப் போடலாம் என்று மகன் சொல்கிறான். நம்பலாமா, தம்பி?

கைப்பேசிப் பழுதுபார்ப்பவர் எழுதியது:

ஐயா, ஸ்மார்ட்டியூப் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட செயலிதான், ஸ்பான்சர்பிளாக்கும் அதில் சேர்ந்தே வரும். ஆனால் 2025 இறுதியில் செயலி அவருடையதுதான் என்று உறுதிசெய்யும், அதை உருவாக்கியவரின் கையொப்பச் சாவி பிறர் கைக்குப் போய், தீங்குநிரல் கலந்த பதிப்பு வெளியாகிவிட்டது. பிறகு அவர் புதிய சாவியோடு வேறு பதிப்பு வெளியிட்டார். நேர்மையானவர் எழுதிய செயலிக்கும் இது நேர்ந்திருக்கிறது. போடுவதானால், உங்கள் முதன்மை கூகுள் கணக்கை அதில் இணைக்காமல், அதிகாரப்பூர்வப் பக்கத்தின் புதிய பதிப்பை மட்டும் நிறுவச் சொல்லுங்கள். கச்சேரி கேட்பதுதான் முக்கியம் என்றால் முழு பிரீமியம் வாங்குங்கள். இசைக்கு விளம்பரம் வரும் என்பதால் பிரீமியம் லைட் உங்களுக்குப் பயன்படாது. மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தால் எச்டிஎம்ஐ வடம் போட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பது செலவில்லாத வழி.

வயல்வெளிப் பதிவர் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு இன்னொரு சொல். எல்லாவற்றுக்கும் யூடியூபையே நாட வேண்டியதில்லை. நம் பள்ளிக் கல்வித்துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடத்திட்டத்தையொட்டிய தமிழ் விளக்கக் காணொளிகள் இருக்கின்றன. மத்திய அரசின் தீக்ஷா தளமும் உண்டு. அங்கே கிடைப்பதை அங்கேயே எடுத்துக்கொண்டால், தடுப்பான் வேலை செய்கிறதா என்ற கவலையே வராது. நம்மவர் உழைப்பில் உருவானதை நாமே பயன்படுத்தாவிட்டால் அடுத்த பகுதியை யார் எடுப்பார்கள்?

அறிவியல் ஆசிரியை எழுதியது:

மணற்கேணியில் இதயம் பற்றிய பகுதியைப் பார்த்தேன். வரும் வாரம் அதையே காட்டப் போகிறேன். ஒளியியலுக்கு மட்டும் யூடியூபில் எனக்குப் பிடித்த அசைவுப்படம் தொடரும். கடைசியாக ஓர் ஐயம். தொடுதிரைப் பலகைக்குள்ளேயே ஓர் ஆண்ட்ராய்டு இருக்கிறது. அதில் பிளே ஸ்டோர் இல்லை. மற்ற ஆசிரியர்கள் அதன் வழியாகவே காணொளி திறக்கிறார்கள். அதை என்ன செய்வது?

உலாவித்துறையான் எழுதியது:

பலகையின் ஆண்ட்ராய்டில் எதையும் நிறுவ வேண்டாம் அம்மா. அத்தகைய பலகைகளுக்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் ஒழுங்காக வருவதில்லை. வெளியிலிருந்து கோப்பு கொண்டுவந்து நிறுவுவது நமக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதாகும். பலகையை வெறும் திரையாக வைத்துக்கொண்டு மடிக்கணினியையே எல்லோரும் பயன்படுத்துங்கள். எச்டிஎம்ஐ வடம் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும். அதோடு, பலகையின் விளிம்பில் 'டச்' என்று எழுதியிருக்கும் சதுரமான யூஎஸ்பி துளையிலிருந்து மடிக்கணினிக்கு இன்னொரு வடம் போட்டால், பலகையைத் தொடுவதே மடிக்கணினியில் சொடுக்குவதாகிவிடும். அச்சுப்பொறிக்குப் பயன்படும் வடம்தான் அது; பள்ளி அலுவலகத்தில் ஒன்று கட்டாயம் இருக்கும். பலகையின் உள்ளீட்டுப் பட்டியலில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்துவிட்டு, பவர் ஆன் ஆகும்போதே அந்த உள்ளீட்டுக்கு வரும்படி அதன் அமைப்புகளில் குறித்து வைத்தால், மற்ற ஆசிரியர்களும் தாமாகவே மடிக்கணினி வழிக்கு வந்துவிடுவார்கள்.